குமரி மாவட்டத்தில் கிட் விமானம் கட்டுவோர் எதைத் தேர்வது, எதை விடுவது

பாகங்களாகப் பெட்டியில் வாங்கி நாமே கட்டிக்கொள்ளும் விமானம்தான் கிட் விமானம். அதை விற்கும் நிறுவனங்களின் விலைப்பட்டியலில் அடிப்படை விலை ஒரே வரியில் முடிந்துவிடும். அதன்பின் எஞ்சின், சக்கர அமைப்பு, கருவிப் பலகை, எரிபொருள் தொட்டி, இருக்கை, விளக்கு எனக் கூடுதல் தேர்வுகள் பக்கம் பக்கமாக நீளும். வீட்டுக்கு அருகிலேயே ஒரு சிறு ஓடுபாதையும், அதன் ஓரத்தில் விமானக் கொட்டகையும், எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்கும் ஊர்க்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பட்டியல் அது. நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ இருந்துகொண்டு அதைப் படிப்பவருக்கு இந்த மூன்றுமே இல்லை. மாவட்டத்துக்குள் விமான நிலையம் கிடையாது. திருவனந்தபுரமும் தூத்துக்குடியும்தான் அருகில் உள்ளவை. கடற்காற்றில் உப்பு ஓய்வதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் காற்று முப்பந்தல் காற்றாலைகளுக்கு வரமாக இருக்கலாம். ஐந்நூறு கிலோ விமானத்துக்கு அது வேறு சங்கதி. ஓடுபாதை இல்லாமை, உப்பு, காற்று, பெட்ரோல் என்ற இந்த நான்கையும் முன்வைத்துப் பார்த்தால், பட்டியலில் கவர்ச்சியாகத் தெரியும் பல தேர்வுகள் தாமாகவே உதிர்ந்துவிடும். யாரும் கவனிக்காத இரண்டு மூன்று தேர்வுகள் கட்டாயமாகிவிடும்.

பணம் கட்டுவதற்கு முன்

முதல் கடிதம் கிட் நிறுவனத்துக்கு எழுதப்படக் கூடாது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு, அதாவது டிஜிசிஏவுக்கு எழுதப்பட வேண்டும். நீங்கள் விரும்பும் மாதிரியின் மொத்த எடை, ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாத வேகம்), இருக்கைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அது எந்த வகையில் பதிவாகும், இறக்குமதிக்கு என்னென்ன முன் அனுமதி வேண்டும், கட்டும் நிலைகளில் யார் வந்து ஆய்வு செய்வார்கள், முடிந்தபின் எந்த உரிமம் உள்ளவர் எங்கிருந்து பறக்கலாம் என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். நண்பர்கள் தரும் பழைய விண்ணப்ப நகல்களை நம்ப வேண்டாம்; 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2024ஆம் ஆண்டின் பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது.

அனுமதிக்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு மும்பை விமானி அமோல் யாதவின் கதை ஓர் அளவுகோல். தன் வீட்டு மொட்டை மாடியில் அவர் கட்டிய ஆறு இருக்கை விமானம் 2016 பிப்ரவரியில் மேக் இன் இந்தியா கண்காட்சியில் நிறுத்தப்பட்டு நாடே பார்த்த பிறகும், பதிவுச் சான்று கைக்கு வர 2017 நவம்பர் ஆயிற்று. அவர் தானே வடிவமைத்தவர் என்பதால் பாதை கடினம். உலகில் பலர் கட்டிப் பறந்த ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுப்பவர் அந்தக் கடினத்தில் ஒரு பகுதியைத் தவிர்க்கலாம். புதிய மாதிரியின் முதல் பத்து வாடிக்கையாளர்களில் ஒருவராக இருக்கும் பெருமை நமக்கு வேண்டாம்.

நம் மாவட்டத்தைச் சுற்றியுள்ள வான்வெளியையும் வரைபடத்தில் பார்த்துவிட வேண்டும். கிழக்கே கூடங்குளம் அணுமின் நிலையம், வடகிழக்கே மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், அதற்கு அப்பால் விஜயநாராயணம் கடற்படைத் தளம் என, சும்மா மேலே சுற்றி வரலாம் என்று நினைக்கும் இடங்களில் பலவும் பாதுகாப்புக்கு உரியவை.

பணத்தை ஒருபோதும் மொத்தமாகக் கட்டாதீர்கள். அமெரிக்காவின் முன்னணிக் கிட் நிறுவனமே 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியது. முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்கள் கூடுதல் விலைக்கு ஒப்புக்கொண்டால்தான் கிட் கிடைக்கும் என்ற நிலை வந்தது. பெரும்பாலான நிறுவனங்கள் வால் பகுதி, இறக்கை, உடல், எஞ்சின் முன்பகுதி எனப் பிரித்தே விற்கின்றன. வால் கிட்டை மட்டும் முதலில் வாங்குவதே முறை. முழு விலையில் அது சிறு பங்குதான். ஆனால், மாலை ஏழு மணிக்குக் கடையையோ அலுவலகத்தையோ மூடிவிட்டு வந்து இரண்டு மணி நேரம் ரிவெட் அடிப்பது உங்களுக்குப் பிடிக்கிறதா, குடும்பத்துக்கு அந்தச் சத்தம் பிடிக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

எதனால் ஆன விமானம்?

கிட் விமானங்கள் நான்கு வழிகளில் கட்டப்படுகின்றன: அலுமினியத் தகடும் ரிவெட்டும், எஃகுக் குழாய்ச் சட்டமும் துணியும், இழைக் கண்ணாடி (பைபர்) கூட்டுப்பொருள், மரம். மரத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கறையானும் இரு பருவ மழையும் உள்ள ஊரில் பசை மூட்டுகளை ஆண்டுதோறும் சந்தேகத்தோடு தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை.

கூட்டுப்பொருள் நமக்கு அந்நியமானதன்று. குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் பைபர் வள்ளம் செய்பவர்களின் கை அந்த வேலையில் தேர்ந்த கை. ஆனால் வள்ளத்துக்குப் பயன்படும் பாலியெஸ்டர் பிசினை விமானத்துக்குக் கொண்டுவந்தால், இறக்கையின் உள்ளே வைக்கும் பாலிஸ்டைரீன் நுரையை அது கரைத்துவிடும். அங்கே எப்பாக்சி என்ற பிசின் மட்டுமே பயன்படும். எப்பாக்சிக்கு நம் ஈரப்பதம் ஆகாது. சாரல் நாளில் இறுகிய எப்பாக்சியின் மேல் மெழுகு போன்ற ஒரு படலம் படியும். அதை நீரால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, உப்புத்தாள் போட்ட பிறகே அடுத்த அடுக்கைப் போடலாம், இல்லையேல் இரண்டு அடுக்குகளும் ஒட்டாமல் பிரியும். வெயிலில் சூடேறி வலுவிழக்காமல் இருக்க வெள்ளை நிறமே பூச வேண்டும். வேலைக்குக் குளிரூட்டிய அறை வைத்திருப்பவருக்கு இது நல்ல வழி, மற்றவருக்கு இல்லை.

குழாயும் துணியும் சேர்ந்த விமானம் எடை குறைவானது, பழுது பார்க்க எளிது. துணியைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் சுருக்கி இறுக்கும் வேலையை நம் ஊர்த் தையற்காரர்களே ரசிப்பார்கள். எனினும் எஃகுக் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அரித்திருக்கும். பற்றவைத்து முடித்த குழாய்களின் உட்புறத்தில் எண்ணெய் ஓடவிட்டு அடைத்திருக்கிறார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

ஆகவே பெரும்பாலோருக்கு என் பரிந்துரை அலுமினியம். அதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. அமெரிக்காவின் வான்ஸ் நிறுவனத்து ஆர்வி வரிசை போன்ற வேக விமானங்கள் 2024-டி3 என்ற வலுவான கலவையைப் பயன்படுத்துகின்றன. அது எளிதில் அரிபடும் என்பதால் இருபுறமும் தூய அலுமினியம் மெல்லிய படலமாக ஏற்றப்பட்டிருக்கும். அந்தப் படலத்தில் விழும் ஒவ்வொரு கீறலும் உப்புக்குத் திறந்த கதவு. ஜெனித் நிறுவனத்தின், குறைந்த தூரம் ஓடியே எழும்பும் விமானங்கள் 6061-டி6 கலவையால் ஆனவை. வலு சற்றுக் குறைவு, அரிப்பைத் தாங்கும் தன்மை அதிகம். கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் வீடு உள்ளவர் இரண்டாவதையே எடுக்கலாம். எதை எடுத்தாலும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் எல்லாம் எப்பாக்சி பிரைமர் அடிக்க வேண்டும். வறண்ட ஊர்க்காரர்கள் எடை கருதி அதைத் தவிர்ப்பதுண்டு. நமக்கு அந்தச் சலுகை இல்லை.

பெட்டி வந்த அன்றே எல்லாவற்றையும் பிரித்து, பட்டியலோடு ஒத்துப் பார்த்து, சுற்றிய தாளை அகற்றிவிடுங்கள். நான் ஓர் ஆடி மாதத்தில் தகடுகளைத் தாளோடு அப்படியே நிறுத்திவைத்தேன். ஓணத்துக்குள் தாள் ஈரம் குடித்து, தகட்டில் வெண்பொடி பூத்த புள்ளிகள் வந்துவிட்டன. கட்டும் இடத்திலும் கவனம் வேண்டும். ரப்பர் ஷீட் அடிக்கும் புரை காலியாகக் கிடக்கிறதென்று அங்கே தொடங்கிவிடாதீர்கள். பால் உறைய ஊற்றும் ஆசிட்டின் ஆவி அலுமினியத்துக்குப் பகை. தென்னை மரத்தடியில் கொட்டகை போடுவதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கழற்றக்கூடிய இறக்கை

பட்டியலில் உள்ள கூடுதல் வசதிகளில் நம் மாவட்டத்தவருக்கு மிக மதிப்புள்ளது எது என்று கேட்டால், மடங்கும் அல்லது விரைவில் கழற்றும் இறக்கை என்றே சொல்வேன். வேறு ஊர்களில் இது வாடகை மிச்சம் பிடிக்கும் வழி. நமக்கோ விமானத்தைப் பறக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேறு வழியே இல்லை. இடுக்கி மாவட்டம் தொடுபுழாவைச் சேர்ந்த, காது கேளாத ஒருவர் தன் கையால் கட்டிய இலகு விமானத்தைத் திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறுக்குக் கொண்டுவந்துதான் பறக்கவிட முடிந்தது.

கிட்பாக்ஸ் போன்ற மாதிரிகளில் இறக்கை பின்னோக்கி மடங்கும். ஆர்வி-12இல் இரண்டு பேர் சில நிமிடங்களில் இறக்கையை உருவி எடுக்கலாம். வாங்குமுன் இரண்டு அளவுகளைக் கேளுங்கள்: இறக்கை நீங்கிய நிலையில் விமானத்தின் மிகுதியான அகலம் எவ்வளவு, அது பெரும்பாலும் கிடைமட்ட வாலின் அகலமாக இருக்கும்; சக்கரத்தோடு உயரம் எவ்வளவு. சாலையில் வண்டியின் அகலம் 2.6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதால் அந்த அளவு முக்கியம். அதன்பின் உங்கள் வீட்டு இடைவழியின் அகலத்தை அளந்து பாருங்கள். சிரிக்க வேண்டாம், கட்டி முடித்தபின் மதில் இடித்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

எஞ்சினும் பெட்ரோலும்

இலகு விமானங்களில் மிகப் பரவலானது ரோட்டாக்ஸ் 912 வரிசை. 80 குதிரைத்திறனிலும் 100 குதிரைத்திறனிலும் வருகிறது. அதைவிடக் கனமான, காற்றால் குளிரும் லைகாமிங் 150, 160 குதிரைத்திறன் எஞ்சின்கள் ஆர்வி போன்ற வேக விமானங்களுக்கு உரியவை. இரு வீச்சு (டூ ஸ்ட்ரோக்) எஞ்சின்கள் மலிவானவை, ஆனால் மிகக் குறைந்த மணி நேரத்திலேயே முழுதாகப் பிரித்துச் சீர்செய்யும் நிலைக்கு வந்துவிடும். ரோட்டாக்ஸ் 582க்கு 300 மணி, 912க்கு 2000 மணி என்பது வித்தியாசத்தைச் சொல்லும்.

குதிரைத்திறனைவிட எரிபொருளே நமக்குப் பெரிய கேள்வி. 912 வரிசைக்கு அதன் தயாரிப்பாளர் அனுமதிக்கும் எத்தனால் அளவு பத்து சதவீதம் வரை மட்டுமே. நம் ஊர்ப் பெட்ரோல் பங்குகளில் இப்போது வருவதோ இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருந்து நீரை இழுக்கும். நம் ஈரக்காற்றில் அரைத் தொட்டியோடு ஒரு மாதம் நிறுத்திவைத்தால் நீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரியக்கூடும், எஞ்சின் முதலில் குடிப்பதும் அந்த அடிநீரைத்தான். சில ரப்பர் குழாய்களை அது உப்பவைக்கும். இழைக் கண்ணாடித் தொட்டியின் பிசினை இளக்கும். எனவே பட்டியலில் பைபர் தொட்டியும் பற்றவைத்த அலுமினியத் தொட்டியும் இருந்தால் அலுமினியத்தையும், குழாய்களில் எத்தனாலைத் தாங்கும் வகையையும், தொட்டியின் மிகத் தாழ்ந்த முனையில் வடிகுழாயையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விமானத்துக்கு உரிய அவ்கேஸ் 100எல்எல் பயன்படுத்தலாமா என்றால், பயன்படுத்தலாம். ஆனால் அது சில விமான நிலையங்களில் மட்டுமே கிடைக்கும், அதில் உள்ள ஈயம் ரோட்டாக்ஸ் எஞ்சினுக்குள் கசடாகப் படியும், எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும். 100 குதிரைத்திறன் மாதிரிக்கு 95 ஆக்டேன் தேவை, 80 குதிரைத்திறன் மாதிரிக்கு 90 போதும் என்பதையும் சேர்த்து எண்ணினால், எடை அனுமதிக்கும் இடத்தில் சிறிய எஞ்சினை எடுப்பதில் தவறில்லை.

பெட்ரோலில் எத்தனால் உண்டா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். நூறு மில்லி அளவுக் குழாயில் பத்துக் கோடு வரை தண்ணீரும், மேலே நூறு வரை பெட்ரோலும் ஊற்றி, மூடி, குலுக்கி, பத்து நிமிடம் நிறுத்துங்கள். அடியில் உள்ள நீர்க்கோடு பத்திலேயே நின்றால் எத்தனால் இல்லை. ஏறியிருந்தால், அந்த ஏற்றம் பெட்ரோலிலிருந்து நீருக்கு இறங்கிய எத்தனால். திறந்த வெளியில், தீ இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

கார்ப்பரேட்டர் சூடாக்கி என்ற வசதியைப் பலர் குளிர்நாட்டுச் சமாசாரம் என்று விட்டுவிடுகிறார்கள். இது தவறான கணக்கு. கார்ப்பரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் பல டிகிரி இறங்கும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், வெளியே 25 டிகிரி இருக்கும்போதும் உள்ளே பனி கட்டி எஞ்சின் திணறலாம், அதுவும் இறங்குவதற்காகத் திறனைக் குறைத்த நேரத்தில். மழை விட்ட குமரி மாவட்டக் காலை அதற்கு ஏற்ற பொழுது. இந்த வசதியைக் கட்டாயம் வாங்குங்கள்.

சக்கரமும் கருவிப் பலகையும்

மூக்குச் சக்கரமா, வால் சக்கரமா என்பதில் நீண்ட விவாதம் தேவையில்லை. வால் சக்கர விமானம் கரடுமுரடான தரையில் நன்றாக ஓடும். ஆனால் பக்கவாட்டுக் காற்றில் தரையிறங்கிய பிறகும் சுழன்றுவிடக்கூடியது. கச்சான் காற்று வீசும் நாட்டில், அதற்கெனப் பயிற்சி பெறாதவர் மூக்குச் சக்கரத்தையே எடுக்கட்டும். எப்படியும் மே முதல் செப்டம்பர் வரை விடிந்ததும் பறந்து, கடற்காற்று எழும் முன் இறங்கிவிடுவதே நல்லது.

கருவிப் பலகையை எல்லாவற்றுக்கும் கடைசியாக வாங்குங்கள். கட்டி முடிக்க மூன்று ஆண்டு ஆகுமென்றால், இன்று வாங்கும் மின்திரை அன்று பழையதாகியிருக்கும், உத்தரவாதக் காலமும் பெட்டிக்குள்ளேயே கழிந்திருக்கும். பகலில் கண்ணால் பார்த்துப் பறப்பவருக்கு வேகமானி, உயரமானி, திசைகாட்டி, எஞ்சின் அளவிகள், ஒரு வானொலி, விதிகள் கேட்கும் டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி), விபத்தில் இடத்தை அறிவிக்கும் அவசர ஒலிபரப்பி ஆகியவை போதும்.

எடைக் கணக்கு

ஒவ்வொரு கூடுதல் வசதிக்கும் இரண்டு விலை உண்டு. இரண்டாவது விலை கிலோவில். மொத்த எடை 500 கிலோ, வெற்று எடை 270 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 230 கிலோ. 80 கிலோ ஆட்கள் இருவர் ஏறினால் 70 கிலோ மிஞ்சும். பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ 0.74 கிலோ, 70 லிட்டர் நிரப்பினால் 52 கிலோ, பைக்கு 18 கிலோ. இப்போது தோல் இருக்கை, உள்ளலங்காரம், இரண்டாவது திரை, சக்கர உறைகள், பளபளப்பான மூன்றடுக்குப் பெயின்ட் எனச் சேர்த்து 30 கிலோ கூட்டிவிட்டால், மிஞ்சுவது 40 கிலோ, அதாவது ஒரு பைகூட இல்லாமல் 54 லிட்டர். மணிக்கு 20 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு அரை மணிச் சேமிப்பை ஒதுக்கினால், பறக்கக் கிடைப்பது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். பெரிய எரிபொருள் தொட்டி என்ற வசதியை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். நிரப்ப முடியாத தொட்டிக்குப் பணம் கட்டியிருப்பீர்கள். கூட்டிய எடை வால்பக்கம் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் எடைமையம் பின்னால் போன விமானம் ஸ்டாலிலிருந்து மீள மறுக்கும்.

கையால் செய்யும் வேலை

துளையிடுவது, தற்காலிகக் கிளிக்கோ பிடிப்பான்களால் கோப்பது, கழற்றிப் பிசிறு எடுப்பது, பிரைமர் அடிப்பது, மீண்டும் கோத்து ரிவெட் அடிப்பது என ஒவ்வொரு பாகமும் இதே சுற்றில்தான் போகும். பிசிறு எடுப்பதில் சோம்பினால், துளையின் ஓரத்தில் மிஞ்சிய முள்ளிலிருந்துதான் பின்னாளில் விரிசல் தொடங்கும். திண்ம ரிவெட்டுக்கு ஒரு கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும்: தகடுகளின் மொத்தத் தடிமனோடு ரிவெட் விட்டத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் நீளம், அடித்தபின் உருவாகும் தலை விட்டத்தின் ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் இருக்க வேண்டும். தனியாகக் கட்டுபவருக்கு ஒரு பக்கமிருந்தே இழுத்துப் பூட்டும் ரிவெட் உள்ள கிட் எளிது. அதற்காகக் கோட்டாறு சந்தையின் இரும்புக்கடைப் பாப் ரிவெட்டை ஒன்றுகூடப் போடக் கூடாது. போல்ட்டும் அப்படியே, கிட்டோடு வந்த காட்மியம் பூசியது மட்டும். துருப்பிடிக்காத எஃகுதானே நல்லது என்று லேத் பட்டறை நண்பர் அன்போடு எடுத்துத் தருவார். அலுமினியத்தோடு உப்பீரத்தில் சேர்ந்தால் அது அலுமினியத்தைத் தின்றுவிடும்.

ஒவ்வொரு நாளும் தேதியோடு படம் எடுத்து, செய்த வேலையைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். தகடு மூடிய பிறகு உள்ளே இருப்பதை ஆய்வாளருக்குக் காட்ட வேறு சான்று இராது.

முடிவில் இரண்டு சோதனைகளைத் தள்ளிப்போட வேண்டாம். எஞ்சினுக்குப் போகும் எரிபொருள் குழாயைக் கழற்றி, மூக்கை ஏறும் கோணத்துக்கு உயர்த்தி, ஒரு நிமிடத்தில் எவ்வளவு வடிகிறது என்று அளக்க வேண்டும். தொட்டியிலிருந்து தானாக இறங்கும் அமைப்பில் அது எஞ்சினின் உச்சத் தேவையைப் போல் ஒன்றரை மடங்கும், பம்ப் உள்ள அமைப்பில் ஒன்றேகால் மடங்கும் இருக்க வேண்டும். மணிக்கு 27 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு, தானாக இறங்கும் தொட்டியிலிருந்து மணிக்கு ஏறத்தாழ 40 லிட்டர். மற்றது, மூன்று சக்கரத்தையும் மூன்று தராசில் ஏற்றி உண்மையான வெற்று எடையையும் எடைமையத்தையும் எழுதுவது. விற்பனைத் தாளில் அச்சிட்ட எடையைக் கணக்கில் கொள்ளக் கூடாது.

லாரியில் ஏற்றி இறக்கிய ஒவ்வொரு முறையும் இறக்கையின் ஊசிகளையும் பூட்டுகளையும் ஒருவர் பொருத்த, மற்றொருவர் தனியே தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு ஒருவர் இருக்கையில் அமர்ந்து கைப்பிடியை வலப்பக்கம் சாய்க்கட்டும். வலது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடான ஏலரான் மேலே எழுகிறதா என்பதை இறக்கை முனையில் நிற்பவர் வாய்விட்டுச் சொல்லட்டும். அதேபோல் இடப்பக்கமும், வாலும், சுக்கானும் பார்த்து முடித்த பிறகே எஞ்சினின் சாவியைத் தொட வேண்டும்.